பால் துணி காயும் கொடி

கண்ணு, பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் என்னை ஏற்றிவிட வந்தவன், பஸ் கிளம்புகிற நேரம் பார்த்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாயே. "அம்மா, ரேவதி பாலை நிறுத்திடலாம்னு சொல்றா. பவுடர் டின் வாங்கியாரச் சொல்றா. நீ இன்னா சொல்ற?" என் பக்கத்தில் ஒரு பெரியவர் மடியில் வாழைத்தாரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன் சீட்டில் காலேஜ் பிள்ளைகள். அவ்வளவு பேர் நடுவில் கேட்க உனக்கு வாய் வந்தது, பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "போய்ச் சொல்றேன்டா" என்றேன், பஸ்ஸை எடுத்துவிட்டான். வீட்டுக்கு வந்து போனைப் போட்டால் நீ வேலையில் இருக்கிறாய், இல்லையென்றால் பிள்ளை அழுகிறது, இல்லையென்றால் உன் நைனா போனைப் பிடுங்கி அங்கே மழையா என்று கேட்கிறார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் பத்தாவது படித்தவள் என்பதை இந்த வீட்டில் எல்லோரும் மறந்துபோய்விட்டீர்கள், அதற்கும் சேர்த்துத்தான்.

இதையெல்லாம் ஒரு தாய் மகனிடம் பேசுவாளா என்று யாராவது கேட்கலாம். நீ குடித்த பால்தானே, உன்னிடம் பேசாமல் வேறு யாரிடம் போய்ப் பேசுவது? உன் நைனாவிடம் நீ கைக்குழந்தையாக இருந்தபோதே பேசியாகிவிட்டது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் உன் பெண்டாட்டி ரேவதியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அவள் உன்னிடம் பாதிதான் சொல்லியிருப்பாள் என்று எனக்குப் படுகிறது. நான் உங்கள் வீட்டில் இருந்தபோது, பூண்டு உரித்துக்கொண்டே அடுப்பங்கரையில் என்னிடம் முழுசாகச் சொன்னாள்.

பிள்ளை பெற்று மறுபடி பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் வேலைக்குப் போக ஆரம்பித்த வாரம் அது. காலையில் மைதானத்தில் பிரார்த்தனை. எல்.கே.ஜி.யில் புதிதாகச் சேர்ந்த குழந்தை ஒன்று அம்மாவை விட்டுவிட்டு வந்த துக்கத்தில் வீறிட்டு அழுதிருக்கிறது. யார் பெற்ற குழந்தையோ. ஆனால் இவள் மார்புக்கு அது தெரியுமா? சுருக்கென்றிருக்கிறது, அடுத்த நிமிஷம் முன்பக்கம் இரண்டு பக்கமும் நனைந்துவிட்டது. கஞ்சி போட்ட வெளிர் நீலப் புடவை, அதில் ஒரு சொட்டு விழுந்தாலும் ஊருக்கே தெரியும். வரிசையில் நின்ற ஒரு பெண் பிள்ளை, "மிஸ், உங்க மேல தண்ணி கொட்டிடுச்சா?" என்று நல்ல மனசோடுதான் கேட்டிருக்கிறது. பின்னால் நின்ற பையன்கள் சிரித்திருக்கிறார்கள். அன்றைக்கு முழுவதும் ஒரு புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே பாடம் நடத்தியிருக்கிறாள், கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கவில்லை. ஆசிரியர் அறையில் ஒருத்தி, "பவுடர் பால் குடுத்துட்டா இந்தத் தொல்லையே இல்ல டீச்சர்" என்றாளாம். "எனக்கு அழுகைகூட வரல அத்த. அவ்ளோ வெக்கமா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு ரேவதி அடுத்த பூண்டை எடுத்து உரித்தாள்.

அந்தப் பூண்டும் நான் கொண்டுவந்ததுதான். பால் சுறாவும் நான் கொண்டுவந்ததுதான். பிள்ளை பிறந்ததிலிருந்து வாரம் தவறாமல் பையில் ஐஸ் போட்டுச் சுறாவைச் சுமந்துகொண்டு பொன்னேரி பஸ்ஸில் நான் வந்ததும், பஸ்ஸில் பாதிப் பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்ததும் உனக்குத் தெரியும். காட்டூரில் நெல் விளைகிற வீட்டில் பிறந்தவள் அவள். சுறாப் புட்டு என்றால் முதலில் முகம் சுளித்தாள், அப்புறம் எனக்காகத் தின்றாள், அப்புறம் கேட்டு வாங்கித் தின்றாள். எங்கள் குப்பத்தில் பிள்ளை பெற்றவளுக்கு ஊரே சுறா கொடுத்தனுப்பும். பால் ஊற வேண்டும் என்று அத்தனை பேருக்கும் அக்கறை. ஊறிய பால் வழிந்தால் என்ன செய்வது என்று மட்டும் ஒருத்தியும் சொல்ல மாட்டாள். நானும் ஆரம்பத்தில் சொல்லவில்லை பார். சுறாவைக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீ பிறந்தபோது நம் லைட்ஹவுஸ் குப்பத்துக்கு ஏரியைத் தாண்டப் பாலம் கிடையாது. கரையில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் போட்டுக்கொண்டு, படகில் ஏறி அக்கரை பழவேற்காடு கடைத்தெருவுக்குப் போய் விற்க வேண்டும். உன்னை உன் அத்தையிடம் விட்டுவிட்டு முதல் நாள் நான் வியாபாரத்துக்குக் கிளம்பியபோது, அழுததைவிடப் பயந்ததுதான் அதிகம். விற்கும்போது ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் விற்று முடித்து, வெறும் கூடையோடு திரும்பப் படகில் உட்கார்ந்தேன். படகுக்காரர் மெஷினைக் கிளப்பினார். டபடபவென்று அந்தச் சத்தம் வந்ததும், வீட்டுக்குப் போகிறோம், பிள்ளையைப் பார்க்கப்போகிறோம் என்று மனசு நினைப்பதற்கு முன்னாலேயே மார்பு நினைத்துவிட்டது. ரவிக்கை நனைந்து, முந்தானை நனைந்து, மடிவரைக்கும் வந்துவிட்டது. படகு நிறைய ஆம்பிளைகள். எதிரே உட்கார்ந்திருந்தவள் தேசம்மா, என்னோடு மீன் விற்றவள், நான் அக்கா என்று கூப்பிடுவேன், வாயைத் திறந்தால் மூட மாட்டாள். என்னைப் பார்த்தாள். தன் கூடையைத் தூக்கி, அடியில் தேங்கியிருந்த மீன் தண்ணீரை அப்படியே என் மேல் ஊற்றினாள்.

"ஐயோ அக்கா, இன்னா பண்ற!" என்று கத்திவிட்டேன். "கூட சாஞ்சிருச்சு, இன்னா இப்போ? மீன்காரி மேல மீன் தண்ணி படாம பன்னீரா படும்?" என்று படகு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, என் காதருகே குனிந்து, "மெஷின் கெளம்பினா ஒனக்கும் கெளம்பிடுதுடி. நாளைக்கு ஒன் புருசன் சட்டைய மேல போட்டுக்கினு வா" என்றாள். அந்த மீன் தண்ணீர் நாறியது, அதைப்போல ஒரு மரியாதையை எனக்கு யாரும் செய்ததில்லை. மறுநாளிலிருந்து உன் நைனாவின் பழைய சட்டை புடவைக்கு மேலே, உள்ளே பழைய துணியை நாலாக மடித்து வைத்துக்கொள்வேன். மெஷின் சத்தம் கேட்டதும் குளிருகிறவள் மாதிரி இரண்டு கையையும் குறுக்கே கட்டி அழுத்திக்கொள்வேன். கொஞ்ச நேரம் அழுத்தினால் நின்றுவிடும். இதுவும் தேசம்மா அக்கா காட்டிக் கொடுத்ததுதான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், ரேவதி படுவது நான் பட்டதைவிடப் பெரிய பாடு. மீன் விற்கிறவளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அவள் எப்போதும் ஈரம்தான். கூடையிலிருந்து சொட்டுவது எது, உள்ளிருந்து ஊறுவது எது என்று எவன் கண்டுபிடிப்பான்? புளித்த வாடை வந்தால்கூட மீன் வாடை அதை மூடிவிடும். கஞ்சி போட்ட புடவை கட்டி, பளிச்சென்று நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்கிற டீச்சருக்கு ஒளிந்துகொள்ள இடம் எங்கே இருக்கிறது? அவள் மேல் மீன் தண்ணீர் ஊற்ற அங்கே ஒரு தேசம்மாவும் இல்லை. அதனால் "எங்க காலத்துல நாங்க சமாளிக்கலயா" என்று நான் அவளிடம் பேச மாட்டேன். நீயும் பேசாதே.

இனி உன் நைனா கதை. அந்தக் கோடையில் குப்பத்தில் நல்ல தண்ணீருக்குப் பெரிய கஷ்டம். மணலில் தோண்டுகிற ஊற்று கரிக்க ஆரம்பித்துவிட்டது. குடிக்கவும் சமைக்கவும் அக்கரையிலிருந்து படகில்தான் குடம் வரும். அப்படி வருகிற தண்ணீரில் பால் துணி துவைக்க யாருக்கு மனசு வரும்? நான் என் துணிகளை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போவேன். அலசுவதற்கு ஏரி நிறையத் தண்ணீர் இருக்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். அலசிப் பிழிந்து, யாரும் பார்க்காதபடி வீட்டுக்குப் பின்னால் கருவேல முள்ளில் போட்டுக் காயவைப்பேன். காய்ந்தால் அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். அதைத்தான் எடுத்து மடித்து உள்ளே வைத்துக்கொள்வேன், நாள் முழுக்க நடப்பேன். கொஞ்ச நாளில் காம்பு வெடித்துவிட்டது. நீ வாயை வைத்தால் என் உயிர் போய் வரும். உன்னைத் தூக்குவதற்கே பயந்தேன். குடிக்க விடாததால் பால் கட்டிக்கொண்டது, காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். நீ பசியில் கத்துகிறாய், நான் வலியில் கத்துகிறேன். உன் அத்தை, "உட்று, டின்னு பால் வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். டின் பால் கலக்க நல்ல தண்ணீர் எங்கேயிருந்து வரும் என்று நான் யோசிக்கவில்லை. வலி நின்றால் போதும் என்று இருந்தது.

உன் நைனா கடலுக்குப் போய்விட்டு வந்து வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வந்தார். பாயில் கிடந்த துணியில் ஒன்றை எடுத்தார். விரலில் தேய்த்துப் பார்த்தார், பிறகு நுனி நாக்கில் வைத்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, "கீழ போடுங்க" என்றேன். அவர் போடவில்லை. "இன்னாமே, இது உப்பா கரிக்குது. ஏரித் தண்ணியிலயா தோய்ச்ச?" என்றார். ஆமாம் என்றேன். கடல் தண்ணீர் ஏறுகிற ஏரிதானே அது. "எனுக்குத் தொட புண்ணாவுதில்ல, நனைஞ்ச டவுசரோட நாள்பூரா வலை இழுத்தா? அந்த உப்புதாம்மே இதுவும். எனுக்கே தோலு உரியுது. ஒனுக்கு அங்க வெச்சிக்கினா இன்னாத்துக்கு ஆவும்?" என்று கேட்டுவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கடலுக்குப் போகிற ஒவ்வொருவனுக்கும் உப்புப் புண் தெரியும். அது என் மேலும் வரும் என்று எனக்கும் தோன்றவில்லை, பார்க்க வந்த பெண்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. தன் தொடையை நினைத்து அவர் கண்டுபிடித்தார். என்னைக் கட்டிய மனுஷன் என் வலியைத் தன் வலியாக நினைத்தார் என்று பெரிய வார்த்தையாகச் சொன்னால் இப்போதுகூடத் திட்டுவார். ஆனால் நடந்தது அதுதான்.

எழுந்து பெட்டியைத் திறந்தார். தன் கல்யாண வேட்டியை எடுத்தார். பஞ்சு மாதிரி மெல்லிய மல்லு வேட்டி, தாலி கட்டிய அன்றைக்கும் அதற்கப்புறம் ஒரு திருவிழாவுக்கும்தான் கட்டியிருந்தார், மற்றபடி பொத்திப் பொத்தி வைத்திருந்தது. வலை அறுக்கிற கத்தியால் அதைச் சதுரம் சதுரமாகக் கிழித்தார். "ஐயோ, கல்யாண வேட்டிங்க" என்றேன். "கல்யாணம்தான் ஆயிருச்சே" என்றார். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போய் நல்ல தண்ணீர் கொண்டுவந்தார். குடிக்க இல்லை, துணி துவைக்க. தானே வாசலில் உட்கார்ந்து துவைத்தார். காயப்போட வீட்டுக்குப் பின்னால் போவார் என்று நினைத்தேன். நேராகக் கரைக்குப் போய், வலை காயவைக்கிற கயிற்றில், ஊர் ஆம்பிளைகள் அத்தனை பேரும் வலை பிரித்துக்கொண்டிருக்கிற இடத்தில், நல்ல வெயிலில், ஒவ்வொன்றாக விரித்துப் போட்டார். படுத்த இடத்திலிருந்தே எனக்குக் கதவு வழியாகத் தெரிந்தது. ஒருத்தர், "இன்னாபா, இன்னா வலை இது, கண்ணே இல்லாம கீது?" என்று கேட்டதும் எல்லோரும் சிரித்ததும் கேட்டது. உன் நைனா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார், "எம் புள்ள குடிச்சது போக மிச்சம்பா. இன்னா இப்போ?"

அவ்வளவுதான். அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. அவர் அதட்டவும் இல்லை, உண்மையைத்தானே சொன்னார். மறுநாள் அதே கயிற்றில் காய்ந்தது, அதற்கு மறுநாளும். தேசம்மா அக்கா தன் வீட்டுக் குடத்திலிருந்து ஒரு சொம்பு நல்ல தண்ணீர் எடுத்து வந்து, "எம் பங்கு" என்று எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவாள். அவளுக்கே தண்ணீர் போதாது என்பது எனக்குத் தெரியும். பழவேற்காட்டு ஆஸ்பத்திரியில் நர்சம்மா மருந்து கொடுத்து, வலித்தாலும் பிள்ளையைப் போட்டுக்கொள், குடித்தால்தான் கட்டு கரையும் என்று சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன். காய்ச்சல் விட்டது, புண் ஆறியது, நீ குண்டுப் பிள்ளையானாய். உன் கன்னத்தைப் பார்த்து ஊர்க்கண் பட்டதென்று உன் அத்தை சுற்றிப் போட்டாள். டின் பால் வாங்கச் சொன்னவளும் அவள்தான், அதைச் சொன்னால் இன்றைக்கும் கோபித்துக்கொள்வாள்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். கோபப்படாமல் படி. நான் உங்கள் வீட்டில் இருந்தபோது ஒரு நாள் சாயங்காலம், தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வீட்டுக்காரர் மாடிக்கு வருகிறார் என்று சொன்னதும், நீ அவசர அவசரமாக மேலே ஓடினாய். கொடியில் காய்ந்துகொண்டிருந்த ரேவதியின் பால் துணிகளை மட்டும் உருவிக்கொண்டு வந்து பாத்ரூம் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாய். உன் பேண்ட், சட்டை, பிள்ளையின் சட்டை எல்லாம் கொடியிலேயே இருந்தது. நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அவள் மானத்தைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தாய். நான் முள்ளில் மறைத்துக் காயப்போட்டபோது என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்தேனே, அதேதான். ஆனால் அடுப்பங்கரையிலிருந்து ரேவதி அதைப் பார்த்தாள். அந்தத் துணி அங்கே காயவே இல்லை. மறுநாள் காலையில் அந்த ஈரத்தையே மடித்து வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். சாயங்காலம் வரும்போது வாடையும் வந்தது, அரிப்பும் வந்தது. அன்றைக்கு ராத்திரிதான் உன்னிடம் நிறுத்திவிடலாம் என்று சொல்லியிருக்கிறாள். பையன்கள் சிரித்த அன்றைக்கு அவள் அதைச் சொல்லவில்லை, யோசித்துப் பார்.

நிறுத்துவதா வேண்டாமா என்று என்னைக் கேட்டாய். அது உன் கேள்வியும் இல்லை, என் கேள்வியும் இல்லை. அவள் உடம்பு, அவள் முடிவு. முடியவில்லை என்று அவள் நிறுத்தினால், நான் பவுடர் டின்னை என் கையாலேயே வாங்கி வருவேன், பிள்ளை நன்றாகத்தான் வளரும், ஒருத்தரும் அவளை ஒரு வார்த்தை சொல்ல விட மாட்டேன். ஆனால் ஈரத்துக்கு வெட்கப்பட்டு, உனக்கு அவமானமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவள் நிறுத்தக்கூடாது. அதை மட்டும் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். டின் வாங்குவதற்கு முன்னால் அவளிடம் போய், கொடியிலிருந்து துணியை எடுத்தது தப்பு என்று சொல். அப்புறம் அவள் என்ன சொல்கிறாளோ அதைக் கேள்.

அவள் தொடர்வதாக இருந்தால் உனக்கு வேலை இருக்கிறது. காலையில் கிளம்புமுன் அவள் பிள்ளைக்கு ஒரு பக்கம் கொடுக்கும்போது மறுபக்கம் சொட்டும், ஒரு சுத்தமான கிண்ணத்தைக் கையில் கொடு. வீணாக்காதே, நர்சைக் கேட்டு எப்படி எடுத்து வைப்பது என்று தெரிந்துகொள். அவள் பையில் மாற்று ரவிக்கை ஒன்றும், காய்ந்த துணி நாலைந்தும் இருக்கிறதா என்று நீ பார். அவளுக்குப் பூப்போட்ட அடர்ந்த நிறப் புடவை இரண்டு எடுத்துக் கொடு, கஞ்சி வேண்டாம். கையைக் குறுக்கே கட்டி அழுத்துகிற வித்தையை நான் அன்றைக்கு அடுப்பங்கரையில் சொல்லிக் கொடுத்துவிட்டேன். பிரார்த்தனையில் கையைக் கட்டி நிற்பது நல்லதாய்ப் போயிற்று, ரொம்ப பக்தியான டீச்சர் என்று பேர் வரும். துணியை நீ துவை. அது உன் ஒருத்தன் வேலை.

அவளுக்கு நான் நன்றி சொல்லவில்லை என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். என் பேரப் பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறது என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன், அது யார் உடம்பிலிருந்து வந்த கொழுப்பு என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் கால் கடுக்க நின்று, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கி வந்து, செருப்பைக் கழற்றாமல்கூடப் பிள்ளையைத் தூக்குகிறாள். இந்த இடத்தை அவளுக்குப் படித்துக் காட்டு. அவள் அத்தை நான் கும்பிட்டதாகச் சொல்.

உன் நைனா பக்கத்தில் உட்கார்ந்து டீயில் பொறையை நனைத்துத் தின்றுகொண்டிருக்கிறார். "இன்னாமே, புஸ்தகமா போடப்போற? எவ்ளோதான் எழுதுவ?" என்றார். வேட்டி கிழித்த இடத்தை மட்டும் படித்துக் காட்டினேன். பொறை டீக்குள் விழுந்து கரைந்ததுகூடத் தெரியாமல் கேட்டார். "அதையெல்லாமா எழுதுவாங்க?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் நான் மடிக்கப்போகும்போது, "இன்னும் ஒரு வரி போட்டுக்கோ" என்றார். "அவன் கல்யாண வேட்டி எங்க கீதுனு கேளு."

கேட்டுவிட்டேன். பட்டு வேட்டியைத் தொடாதே, பட்டு ஈரத்தை இழுக்காது. மாப்பிள்ளை அழைப்புக்குக் கட்டினாயே, அந்த நூல் வேட்டி பீரோவில் இரண்டாவது தட்டில் இருக்கிறது, நான்தான் மடித்து வைத்தேன். பொன்னேரியில் நல்ல தண்ணீருக்குக் குறைச்சல் இல்லை. கிழித்துத் துவைத்து, மாடியில் வெயில் படுகிற பக்கமாக விரித்துப் போடு. வீட்டுக்காரர் வந்து இது என்ன துணி என்று கேட்டால், உன் நைனா சொன்ன பதில் இருக்கிறது.